தொட்டி மணலின் பூர்வீகம்

செஞ்சியில் மீன்தொட்டிக்கு மணல் வாங்கினால் பையில் ஊர்ப்பெயர் இருக்காது. கடைக்காரரிடம் கேட்டேன். "கொளத்தூர்லருந்து வருது சார், அவங்களுக்கு எங்கருந்து வருதோ" என்றார். சென்னைக் கொளத்தூர் அலங்கார மீன் வணிகத்தின் பெரிய சந்தை. ஆனால் மணல் சந்தையில் பிறப்பதில்லையே. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று கல்மலைகள் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு, என் மீன்களின் காலடியில் இரண்டு அங்குலம் கிடக்கும் மணல் எந்தக் கல்லிலிருந்து உதிர்ந்தது என்று தெரியாமலிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மணலையே முதலில் சோதித்தேன். ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் விட்டேன், நுரைக்கவில்லை. நுரைத்திருந்தால் சிப்பித்தூள் கலந்த மணல் என்று பொருள். அது தொட்டி நீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். காந்தத்தைக் காட்டினேன், எதுவும் ஒட்டவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அளவுள்ள, கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் மணிகள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் செஞ்சிக் கோட்டை மதிலுக்கு வெளியே, மலைச்சரிவில் மழைநீர் ஓடிக் காய்ந்த ஒரு வாய்க்காலில் ஒரு கைப்பிடி மணல் எடுத்தேன். கோட்டைக்குள் ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, 2025இல் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியிருப்பது. வாய்க்கால் மணல் வேறு கதை சொன்னது. குவார்ட்ஸோடு பால்வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஃபெல்ட்ஸ்பார் துண்டுகள், பொன்னாக மின்னும் மைக்கா, காந்தத்தில் மயிர்போல் சிலிர்த்து ஒட்டிய கரும்பொடி. மணிகள் எல்லாம் கூர் மழுங்காதவை.

செஞ்சி மலைப்பாறை கிரானைட் இனம், 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் உருண்டைப் பாறைகளை யாரும் அடுக்கவில்லை. விரிசல்களில் இறங்கிய நீர் மூலைகளைத் தின்றுதான் அவை உருண்டன. அப்படித் தின்னும்போது ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறுகிறது, மைக்கா மட்கிப்போகிறது, குவார்ட்ஸ் மட்டும் அப்படியே உதிர்கிறது. புது மணலை வாளியில் அலசும்போது பால்போலக் கலங்கி வருகிறதே, அதில் பெரும்பங்கு இந்தக் களிமண்தான். அதனால்தான் கலங்கல் நிற்கும்வரை அலசச் சொல்கிறார்கள். வாளியில் கால்பங்குக்கு மேல் மணல் போடாமல், வேகமாக நீர் விட்டு, அடிவரை கையால் கிளறிச் சாய்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் தொட்டி பல நாள் கலங்கியே கிடக்கும்.

மழைநீர் போன வழியே நானும் போனேன். செஞ்சிக் குன்றுகளில் பிறக்கும் சங்கராபரணி, வீடூர் அணையில் தேங்கி, திருவக்கரையைக் கடந்து, புதுச்சேரிக்கருகே கடலைச் சேர்கிறது. என் தேடலில் என்னை அதிகம் நிறுத்தி வைத்த இடம் திருவக்கரை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் அங்கே பாதுகாக்கும் கல்மரங்களைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நான் அவற்றுக்குப் பின்னாலிருக்கும் மேட்டைப் பார்த்தேன். அது கடலூர் மணற்கல். ஏதோ ஓர் ஆறு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து போட்ட மணல், மரங்களையும் சேர்த்துப் புதைத்து, இறுகிப் பாறையாகி, இப்போது மறுபடி மணலாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. மரத்தைக் கல்லாக்கிய சிலிக்காவும் குவார்ட்ஸும் ஒரே பொருள். அந்த மேட்டிலிருந்து சரிந்த மணலில் ஃபெல்ட்ஸ்பாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. என் தொட்டி மணலும் இந்த ஜாதிதான்: மலையடியிலிருந்து நேரே வந்ததல்ல, பலமுறை நீரில் புரண்டு, மெலிந்ததையெல்லாம் இழந்துவிட்டு வந்தது.

செஞ்சி வட்டாரத்தில் இன்று கட்டடத்துக்குக் கொட்டிக் கிடப்பது பெரும்பாலும் எம்-சாண்ட், கிரஷரில் உடைத்த கல். வீடு கட்ட அது நல்லதே. ஆற்றைக் காப்பாற்ற வேறு வழியும் இல்லை. மீன்தொட்டிக்கு மட்டும் வேண்டாம். அதன் விளிம்புகள் கூரானவை. மணலை வாயிலெடுத்துச் செவுள்வழி உமிழும் மீன்களுக்கும், மீசையால் தரையைத் துழாவும் கோரிடோராஸ் போன்றவற்றுக்கும் அது புண் உண்டாக்கும். நம் அயிரை மணலுக்குள்ளேயே புதைந்து வாழ்வது. மதுரைப் பக்கம் குழம்புக்கு முன் அதைப் பாலில் நீந்தவிட்டு வயிற்று மண்ணைக் கக்க வைப்பதைப் பார்த்தவர்களுக்கு அதற்கும் மணலுக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை.

1850இல் லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் கண்ணாடிப் பாத்திரத்தில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை வைத்துச் சமநிலை கண்டபோதே அடியில் மணல் இருந்தது. செடி வேரூன்ற அது வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், 1829இல், ஜேம்ஸ் சிம்ப்சன் அதே நகரில் தேம்ஸ் நீரை மணற்படுகை வழியே மெதுவாக இறக்கிச் சுத்தமாக்கிவிட்டார். அங்கே வேலை செய்தது மணல் மட்டுமல்ல, அதன்மேல் படர்ந்த உயிர்ப்படலமும்தான். தொட்டி மணலிலும் அதுபோன்ற நுண்ணுயிர்கள் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஆகவே ஓடும் தொட்டியின் மணலை மொத்தமாக அள்ளிக் குளோரின் நீரில் கழுவுவது கொடுமை. மணலில் அழுக்கு உள்ளே இறங்காது, மேலேதான் படியும். ட்யூப்பை மணலுக்கு ஒரு விரல் மேலே பிடித்து உறிஞ்சினால் போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் மணல் போடாதீர்கள். ஆழத்தில் கறுப்புத் திட்டும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அங்கங்கே விரலால் மெல்லக் கிளறிவிட்டால் அது சேராது.

தொட்டியைக் கலைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மணலைக் குப்பையில் கொட்டாதீர்கள். ஏரியிலும் கொட்டாதீர்கள், அதோடு வெளிநாட்டு நத்தையும் செடியும் போய்ச் சேரும். குவார்ட்ஸ் கெட்டுப்போவதில்லை. நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்த தொட்டிக்கு அதுவே போதும், இன்னொரு பை மணலை எந்த ஆற்றிலிருந்தும் அள்ள வேண்டியிருக்காது.