கப்பலேறியவனுக்குத்தான் அங்க அடையாளம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது 1881-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கை. இங்கிலாந்தில் அந்த வருஷக் கணக்கைப் புரட்டினால் பாட்டன் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் வீடு வாரியாகக் கிடைக்கும். கடலூர் மாவட்டத்து அண்ணாகிராமத்துப் பக்கம் அது நடக்காது. 1881 பிப்ரவரி 17 அன்று இங்கேயும் ஆள் எண்ணினார்கள்தான். ஆனால் கூட்டுத்தொகை அச்சானதோடு சரி, வீட்டுவாரித் தாள்களைக் கட்டிக் காக்கவில்லை. தென்னாற்காடு ஜில்லாவில் 1871-ல் சுமார் 17.5 லட்சம் பேர், பத்து வருஷம் கழித்து 18 லட்சம் சொச்சம். நடுவில் தாது வருஷப் பஞ்சம். அந்த அதிகம் ஏறாத கணக்கில் பஞ்சம் தெரிகிறது, செத்தவன் பெயர் தெரியாது.

சர்க்கார் ஒருவன் பெயரை எழுதினால், அவனிடம் வாங்குவதற்கு ஏதோ இருந்தது என்று அர்த்தம். நிலம் இருந்தவனுக்குப் பட்டா, செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர். விற்றவனுக்குப் பத்திரம். பண்ணையாளுக்கு இதில் எதுவுமில்லை, அவன் கப்பலேறினால் ஒழிய.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று போய்க் கடைசிக் கலத்தில் அங்க அடையாளம்: நெற்றியில் தழும்பு, முழங்காலில் மச்சம். ஊரோடு இருந்து அறுப்பறுத்த அண்ணனுக்கு ஒரு வரி கிடையாது, ஓடிப்போன தம்பிக்கு மச்சம் வரைக்கும் இருக்கிறது. ஜாதிக் கலத்தை மட்டும் நான் அப்படியே நம்புவதில்லை. கப்பலேற்றும் டிப்போவில் ஆள் சொன்னதைத்தானே குமாஸ்தா எழுதினார்.

அந்தப் பட்டியலில் இன்றைய அண்ணாகிராமம் ஒன்றியத்து ஊர்களைப் பெரும்பாலும் கடலூர் தாலுகா என்ற பெயரில்தான் தேட வேண்டும். கிராமப் பெயர் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். கண்ணால் படித்தால் பிடிபடாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். பாக்கம், குப்பம், பட்டு என்று முடிந்துவிட்டால் பக்கத்துத் தாலுகாவிலும் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கும். ஆற்றோரமா, ஏரிக்கரையா என்று அந்தக் குடும்பத்தில் ஏதாவது வாய்ப்பேச்சு மிச்சமிருந்தால் அப்போது உதவும்.

ஊருக்குள் போனதும் கப்பல்காரன் பெயரைக் கேட்பதில் பலனில்லை, அது எப்போதோ மறந்துபோயிருக்கும். அவனுடைய தகப்பன் பெயரைக் கேட்பேன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால், ஊரில் தங்கிய அண்ணன் வம்சத்தில் அந்தப் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். தகப்பன் பெயர் அய்யாக்கண்ணு என்றால், அந்தப் பெயர் எந்த வீட்டில் வழிவழியாக வருகிறது என்று கேட்டால் ஆண்கள் யோசிப்பார்கள். வயதான ஆயாக்கள் வெற்றிலையை மென்றபடியே மூன்று வீட்டைக் காட்டிவிடுவார்கள், எந்த வீட்டுக்கு யார் பங்காளி, எது சம்பந்தி வீடு என்பது உட்பட. அதற்குப் பிறகுதான் குலதெய்வம் எது என்று விசாரிப்பேன்.

டர்பன்காரர்களுக்கு நான் சொல்வது, டிக்கெட் போடுமுன் பெட்டியிலிருக்கும் பழைய கல்யாணப் பதிவு, பிறப்புத் தாள், இறப்புத் தாள் எல்லாவற்றிலும் அந்தக் கப்பல் பட்டியல் எண்ணைத் தேடுங்கள் என்பதுதான். நேட்டாலில் பிறந்த பிள்ளைகளின் காகிதங்களிலும் தகப்பன் எண் இருக்கும். பாட்டியின் எண்ணையும் எடுத்து வரச் சொல்வேன். அவள் தனியாகக் கப்பலேறி அங்கே போய்க் கட்டிக்கொண்டவளாக இருந்தால், அவளுடைய ஊர் வடாற்காட்டில் எங்கேயாவது இருக்கலாம்.