ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை: கேமராவா, கம்ப்யூட்டரா?

திண்டிவனத்திலிருந்து ரயிலேறி எழும்பூரில் இறங்கிய அப்பாவும் மகளும் ரிச்சி ஸ்ட்ரீட் முனைக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. பாதிக் கடைகள்தான் திறந்திருந்தன. ஒருவர் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். தலையில் மானிட்டர் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஒரு பையன், நடுத்தெருவில் நின்ற பைக்குகளுக்கு இடையே லாகவமாக நுழைந்து போனான்.

ரிச்சி ஸ்ட்ரீட் என்பது ஒரு தெருவின் பெயர்தான். ஆனால், சென்னைக்காரர்கள் அந்தப் பெயரில் சொல்வது ஒரு முழு வட்டாரத்தை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் சந்துகள் எல்லாமே அதில் அடக்கம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் போதும், ரேடியோ உதிரிபாகத்தில் ஆரம்பித்து சர்வர் வரை கிடைக்கும். ஞாயிறு அன்று பெரும்பாலான கடைகளுக்கு லீவு என்பதால் சனிக்கிழமை கூட்டம் அள்ளும்.

அப்பாவுக்கு ஊரில் சின்ன ஸ்டுடியோ. முப்பது வருடத் தொழில். இப்போது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஜெராக்ஸும்தான் கடை வாடகையைக் கட்டுகின்றன. மகள் விஸ்காம் முடித்தவர். கல்யாண வீடியோ எடுக்கலாம், எடிட்டிங்கையும் நாமே செய்யலாம் என்பது அவர் திட்டம். முதல் ஆர்டரும் வந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு இன்னும் ஆறு வாரம். கையில் இருப்பது அம்மாவின் சீட்டுப் பணம், இரண்டு லட்சம். "அதுக்கு மேல ஒத்தை ரூபா கேக்கக் கூடாது" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பியிருக்கிறார்.

பிரச்னை என்னவென்றால், அந்த இரண்டு லட்சத்தை அப்பா ஏற்கெனவே மனதுக்குள் செலவு செய்துவிட்டார். புத்தம் புதிய ஃபுல் ஃபிரேம் கேமரா, கூடவே ஒரு லென்ஸ்.

"கேமராதான்ம்மா முதல் போடற இடம். படம் நல்லா விழுந்தா மத்ததெல்லாம் தானா வரும்" என்றார்.

"அதை எங்கப்பா எடிட் பண்றது? நம்ம கடை கம்ப்யூட்டர் ஆதார் பிரின்ட்டுக்கே அஞ்சு நிமிஷம் யோசிக்குது."

அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். விலை குறைந்த கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரைவிட அதன் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். மங்கிய மண்டபத்தில், இரவு ரிசப்ஷனில் அந்த வித்தியாசம் படத்தில் தெரியும். ஆனால், கல்யாணத்தைப் படம் பிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஆல்பமும் வீடியோவும் சொன்ன தேதியில் கைக்குப் போய்ச் சேர்வது. அதற்கு கம்ப்யூட்டர் வேண்டும்.

மகள் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்திருந்தார். அதில் இருந்தது மூன்று நிமிட வீடியோ ஒன்றுதான். கல்லூரித் தோழி வாடகைக் கேமராவில் எடுத்த ஒரு வளைகாப்பு. 4கே, 10 பிட், 4:2:2, எச்.265 என்ற வகை. கேட்க மந்திரம் மாதிரி இருந்தாலும் விஷயம் எளிமையானது. 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1,024. மொத்தமாகக் கணக்குப் போட்டால் முன்னதில் சுமார் 1.67 கோடி நிறங்கள், பின்னதில் 107 கோடிக்கும் மேல். பட்டுப்புடவையின் பளபளப்பையும் மாலை நேர வானத்தையும் எடிட்டிங்கில் நிறம் திருத்தும்போது வரிவரியாகப் பிளக்காமல் காப்பாற்றுவது இந்தக் கூடுதல் படிகள்தான். அதற்கான விலையைக் கொடுப்பது கம்ப்யூட்டர். இவ்வளவு நெருக்கி அடைத்த கோப்பைப் பிரித்துக் காட்ட, அதற்கென்றே அமைந்த வன்பொருள் பிராசஸரிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ இருக்க வேண்டும்.

முதல் கடையில் வண்ண வண்ண விளக்கு எரியும் கேமிங் மெஷினைக் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே மூன்று ஃபேன்.

"இதுல ஓடாத கேமே இல்ல சிஸ்டர்."

"கேம் வேணாம்ண்ணா. இந்த ஃபைலைக் கொஞ்சம் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டுக் காட்டுங்க."

போட்டார். வளைகாப்புப் பெண் கையைத் தூக்கினார், அப்படியே உறைந்தார். இரண்டு விநாடி கழித்து வளையல் கைக்கு வந்திருந்தது. கடைக்காரர் மவுஸை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பயனில்லை.

அடுத்த சந்தில் மாடிப்படி ஏறிப் போன கடையில் விளக்கு ஏதும் எரியவில்லை. கறுப்புப் பெட்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டுகூட கிடையாது. அதே ஃபைல் வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அந்தக் கடையில் இருந்த நடுத்தர வயது டெக்னீஷியன்தான் காரணத்தைச் சொன்னார். "அந்த மெஷின்ல பிராசஸர் பேரு கடைசில எஃப்னு ஒரு எழுத்து இருந்திருக்கும் சார். எஃப்னா உள்ளயே இருக்கிற கிராஃபிக்ஸ் கிடையாது. இந்த டைப் வீடியோவைப் பிரிக்கிறதே இன்டெல்ல அந்தப் பகுதிதான். கார்டு போட்டிருப்பாங்க, ஆனா அது பழைய சீரிஸா இருந்தா 4:2:2 தெரியாது. என்விடியால 2025-ல வந்த 50 சீரிஸ்லதான் அதைச் சேர்த்தாங்க."

ஆயிரம் ரெண்டாயிரம் குறைகிறதே என்று எஃப் பிராசஸரை வாங்கிவிட்டு, பிறகு வீடியோ ஏன் தடுக்கி நிற்கிறது என்று குழம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பெயர்ப்பட்டியலைப் படிப்பதைவிட, நாம் எடிட் செய்யப்போகும் அதே வகை ஃபைலைக் கடையிலேயே ஓட்டிப் பார்ப்பது நல்லது. மறுக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவதில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சிரமமும் கிடையாது. அடுத்த கடை மூன்றடி தள்ளித்தான் இருக்கும்.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா என்ற கேள்வி சீக்கிரமே முடிந்தது. ஊர் ஊராக அலைந்து எடிட் செய்கிறவர்களுக்குத்தான் லேப்டாப். ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்கிறவர்களுக்கு அதே பணத்தில் டெஸ்க்டாப் அதிக வேலை செய்யும், பிறகு பாகம் பாகமாக மாற்றவும் முடியும்.

ரேம் விலையில்தான் அப்பா அதிர்ந்துபோனார். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தங்கம் மாதிரி ஏறிக்கொண்டு போனது. ஏஐ நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொள்வதே காரணம். "காலைல சொன்ன ரேட்டு சாயங்காலம் இருக்காது சார்" என்றார் டெக்னீஷியன், மன்னிப்புக் கேட்கும் குரலில். 4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபி சௌகரியம். அதை விட்டுக்கொடுக்க மகள் தயாராக இல்லை. கிராஃபிக்ஸ் கார்டை அடுத்த சீஸனுக்குத் தள்ளிவைத்தார்.

மானிட்டரில் மட்டும் அப்பா கறாராக இருந்தார். மலிவு லேப்டாப் விவரங்களில் '45 சதவிகிதம் என்டிஎஸ்சி' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதன் அர்த்தம், வழக்கமான நிற அளவான எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குகூட அந்தத் திரை காட்டாது என்பது. அதில் பார்த்துத் திருத்தி ஆல்பம் பிரின்ட் போட்டால், மஞ்சள் பூசிய முகம் செங்கல் நிறத்தில் வரும். "ஒரு தடவை அப்படி வந்து, முழு ஆல்பத்தையும் என் காசுல திரும்பப் போட்டேன்" என்றார் அப்பா. ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி 99 சதவிகிதம் என்று அட்டையில் அச்சிட்டிருந்ததை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

மானிட்டர், ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்த்து 1,08,000 ரூபாய். கரன்ட் போனால் பாதி வேலை பாழாகாமல் இருக்க யுபிஎஸ் 5,500. எல்லாவற்றையும் பூட்டி, டெஸ்ட் செய்து கொடுக்க நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

அந்த இடைவெளியில், அப்பாவின் விருப்பத்துக்காக, அரசினர் தோட்டம் நிலையத்தில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்றம் நிறுத்தத்தில் இறங்கி, பர்மா பஜாருக்கு நடந்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜாஜி சாலையோரம் நீளும் இந்தக் கடைவரிசை, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் உருவானது. வெளிநாட்டு கேமரா என்றால் ஒரு காலத்தில் இங்கேதான் வர வேண்டும். அப்பா தன் முதல் யாஷிகாவை வாங்கியதும் இங்கேதான். அந்தக் கடை எது என்று தேடினார். அவர் காட்டிய இடத்தில் போன் கவர்கள் தொங்கின.

"கேமரா இருக்கா பாய்?"

"அதெல்லாம் எங்க சார்? இப்ப எல்லாம் போன்தான். சார்ஜர் வேணுமா?"

அப்பா சிரித்துக்கொண்டே ஒரு சார்ஜர் ஒயர் வாங்கினார். தேவை இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் மகள் தன் கணக்கை எடுத்து வைத்தார். கேமராவை நாள் வாடகைக்கு எடுக்கலாம். சென்னையில் சினிமாக்காரர்களை நம்பியே கேமரா, லென்ஸ் வாடகைக் கடைகள் வடபழனி, சாலிகிராமம் பக்கம் நிறைய இருக்கின்றன. கல்யாணத்தன்று ஃபுல் ஃபிரேமை வாடகைக்கு எடுத்து, அதன் செலவைப் பார்ட்டியின் பில்லிலேயே சேர்த்துவிடலாம். ஆனால், மூன்று வாரம் எடிட் செய்ய கம்ப்யூட்டரை யார் வாடகைக்குத் தருவது, கட்டுப்படியாகுமா?

"அப்ப நமக்குன்னு கேமராவே வேணாமா?" அப்பாவின் குரல் சற்றே இறங்கியிருந்தது. ஸ்டுடியோக்காரரிடம் சொந்தமாகக் கேமரா இல்லை என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது அவர் கவலை.

"வேணும்ப்பா. ஆனா செகண்ட் ஹேண்ட். மிச்சக் காசை லென்ஸ்ல போடலாம்."

அண்ணா சாலையை ஒட்டிய பழைய கேமரா கடையில், அந்த நாளில் முதல்முறையாக அப்பாவின் கை ஓங்கியது. மகளுக்குத் தெரியாத வித்தைகள் அவருக்குத் தெரியும். லென்ஸைக் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தார். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அது சீக்கிரம் வரும். முதல் இரண்டு லென்ஸ்களை அப்படியே திருப்பித் தள்ளினார். பிறகு அபர்ச்சரை எஃப் 16-க்குக் குறைத்து, வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கினார். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேட்டார். சீரியல் நம்பரை பில்லோடு ஒப்பிட்டார். அரை மணி நேரம் வீடியோவை ஓடவிட்டு, சூடாகி நிற்கிறதா என்றும் பார்த்தார். பழைய மாடல்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 விநாடியில் ரெக்கார்டிங் தானாக நின்றுவிடும். ஐரோப்பாவில் வீடியோ கேமராவுக்கான கூடுதல் சுங்க வரியைத் தவிர்க்க நிறுவனங்கள் வைத்த வரம்பு அது. தாலி கட்டும் நேரத்தில் அந்த முப்பதாவது நிமிடம் வந்தால் என்ன ஆவது?

கடைசியில் தேறியது 2019-ல் வெளிவந்த சோனி ஏ6400. ஏபிஎஸ்-சி சென்சார்தான், 8 பிட்தான். ஆனால், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், ரெக்கார்டிங்குக்கு அரை மணி வரம்பு கிடையாது. பேட்டரி சின்னது, அதனால் கூடுதலாக இரண்டு கேட்டு வாங்கினார்கள். லென்ஸாக 50 மில்லிமீட்டர் ஒன்றை மலிவாகக் கொடுக்கிறேன் என்றார் கடைக்காரர். மகள் வேண்டாம் என்றார். இந்த சென்சாரில் அது 75 மாதிரி நெருக்கிக் காட்டும். சின்ன மண்டபத்தில் மேடை முழுவதையும் எடுக்க பந்திக்கூடம் வரை பின்னால் போக வேண்டியிருக்கும். சிக்மா 18-50, எஃப் 2.8-ஐ எடுத்தார்கள். சாதாரண கிட் லென்ஸ் ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு இறங்கிவிடும். அதைவிட இது நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அப்பா கேட்ட ஃபுல் ஃபிரேமின் பலனில் பெரும் பகுதியை இந்த லென்ஸே தந்துவிடுகிறது. இரண்டும் சேர்த்து 76,000.

மிச்சத்தில் மெமரி கார்டும், பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிரைவும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஆறு மணி நேரக் கல்யாணத்துக்கு ஒரு கேமராவுக்கே 270 ஜிபி. ஒரே டிரைவில் மட்டும் வைத்து, அது படுத்துவிட்டால் மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது. கார்டில் வி30 என்று போட்டிருந்தால் விநாடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும் என்று பொருள், இந்த கேமராவுக்கு அது போதும். போலி கார்டுகள் நிறைய நடமாடுவதால், மகள் கடையிலேயே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். கடைக்காரர் முகம் சுளித்தாலும் காத்திருந்தார். கார்டு அசல்தான். 9,700 ரூபாய்.

எடிட்டிங் மென்பொருளுக்கு இப்போதைக்குச் செலவில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே 4கே அல்ட்ரா எச்டி வரை வெளியீடு எடுக்கலாம். அது விழுங்க மறுக்கும் 10 பிட் ஃபைல்களை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, கனமானவற்றுக்கு பிராக்ஸி எனப்படும் சின்ன நகல் எடுத்து வேலை செய்யலாம் என்பது மகளின் ஏற்பாடு.

இரவு எட்டு மணி, எழும்பூர் ரயில் நிலையம். பிளாட்பாரத்தில் மானிட்டர் பெட்டியும் சிபியு பெட்டியும் சேர்ந்து ஒரு சின்ன மேடை மாதிரி நின்றன. அதன் மேல் யுபிஎஸ். கழுத்தில் கேமரா மாட்டியிருந்த அப்பா, எதிர்ப்பக்கம் டீ ஊற்றிக்கொண்டிருந்தவரை ஃபோகஸ் செய்து பார்த்தார். சதுரம் பச்சையாகி டீக்காரரின் கண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் நகர்ந்தார், சதுரமும் கூடவே நகர்ந்தது. அப்பா இன்னொரு தடவை செய்து பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை.

மகளின் போன் அடித்தது. அம்மா.

"எல்லாம் வாங்கியாச்சா? எவ்ளோ மிச்சம்?"

"எண்ணூறு ரூபாம்மா."

"உங்கப்பா ஒண்ணும் சொல்லலையா?"

மகள் திரும்பிப் பார்த்தார். அப்பா மண்டியிட்டு உட்கார்ந்து, இன்ஜின் விளக்கு வரும் திசையில் லென்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அவர் பிஸிம்மா. வீட்டுக்கு வந்து பேசுறோம்."