5,000 ரூபாய் டேப்லெட் வாங்கலாமா?

நைட் டியூட்டிக்கு நடுவுல முதுநிலை நீட்டுக்குப் படிக்கலாம்னு 5,000 ரூபாய்க்கு ஒரு டேப்லெட் வாங்கினேன். 2 ஜிபி ரேம்.

பிடிஎஃப் படிக்க ஓகே. வீடியோ வகுப்புதான் திக்கித் திணறும். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ஆனா திரையைக் கொஞ்சம் சாய்ச்சாலே நிறம் மாறிடுது. தோல் நோய்ப் படத்துல எது சிவப்பு, எது பழுப்புன்னே தெரியல. மார்க் போனா பரவாயில்ல. நாளைக்கு ஓபியில அதே தோல் நோயோட ஒருத்தர் வந்து உட்காருவாரே!

பழைய ஆண்ட்ராய்டு வேற, பாதுகாப்பு அப்டேட் வர்றதில்ல. அதனால பேங்க் ஆப் அதுல போடல.

வெறும் எழுத்து படிக்கணும்னா தாராளமா வாங்குங்க. படம் பார்த்துக் கத்துக்கணும்னா ரெண்டு மாசம் காசு சேர்த்து, 4 ஜிபியா, நல்ல திரையா வாங்குங்க. எதுவானாலும் கடையிலேயே சாய்ச்சுப் பார்த்துடுங்க மக்களே.