இருக்கையும் இருப்பும்

தமிழில் ‘இரு’ என்னும் வினையடி இருபொருள் தருவது. அமர்தலும் அதுவே, உளதாதலும் அதுவே. ‘இருக்கை’ என்ற சொல் ஆசனத்தைக் குறிக்க, ‘இருப்பு’ என்ற சொல் உயிரோடு உளதாந் தன்மையைக் குறிக்கின்றது. வீட்டு விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருப்பவனுக்கு இவ்விரண்டும் தம்முள் தொடர்புடையன என்று தோன்ற நியாயமில்லை. மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் வளைவொன்றினுள் நுழைபவனுக்கோ இருக்கையே இருப்பைத் தீர்மானிக்கும் பொருள்களுள் ஒன்றாகிவிடுகின்றது.

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் முதலில் அதன் இயந்திர ஆற்றலையும், அடுத்து ரயரையும் பிரேக்கையும் பேசுவர். ஆசனம் கடைசியாகவே பேச்சுக்கு வரும். வந்தாலும் நிறமும் தையலுமே பேசப்படும். ஆயினும் மனித உடலும் இயந்திரமும் தம்முள் முழுமையாகத் தொடுமிடம் ஆசனம் ஒன்றே. சக்கரங்கள் நிலத்திலே செய்வது யாதென்பதைச் சாரதி தன் கண்ணால் அறிவதிலும் முதுகாலும் இடுப்பாலும் முன்னதாக அறிகிறான். ஆசனம் தளர்ந்ததாயின் அச்செய்தி பிந்தி வருகின்றது.

ஒரே வண்டியைத் தெருவிலும் பந்தயப் பாதையிலும் செலுத்த விரும்புவோர்க்கு இவ்வினா மேலும் சிக்கலானது. இதனைக் கண்கூடாகக் காணத்தக்க இடம் ஜேர்மனியின் மேற்கே ஐஃபெல் மலைநாட்டில் உள்ள நூர்பேர்க்ரிங் ஆகும். அதன் பழைய பகுதியான வடவளையம் 1927இல் திறக்கப்பட்டது. காட்டினூடாக ஏறியும் இறங்கியும் வளைந்தும் 20.8 கிலோமீற்றர் செல்வது. 1976 ஓகஸ்ட் 1ஆம் திகதி நிக்கி லௌடா எரிகாயமுற்று உயிர் தப்பியது இங்கேதான். அதன்பின் முதலாம் தரச் சூத்திரப் பந்தயங்கள் வடவளையத்தில் நடைபெறவில்லை. எனினும் குறித்த நாள்களிற் கட்டணஞ் செலுத்தி எவரும் தம் சொந்தக் காரை அங்கே ஓட்டலாம். அந்நேரங்களில் அது சட்டப்படி ஒருவழிப் பொதுத் தெருவாகவே கருதப்படுகின்றது. அலுவலகத்துக்குச் சென்று வரும் அதே கார், அதே இலக்கத்தகட்டோடு, உலகின் கடினமான பந்தயப் பாதைகளுள் ஒன்றிற் புகுந்து வெளியேறி வீடு திரும்புகின்றது.

அம்மலைநாட்டுக்கு வடக்கேயுள்ள நகரங்களில், 1980களில் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. டோட்முண்ட் நகரில் வாழும் அத்தகைய குடும்பமொன்றின் மகனுக்கு வயது 26. உலோகப் பட்டறையொன்றில் வேலை. அவனிடம் உள்ள கார் ஒன்றே. கிழமை நாள்களில் அது வேலைக்குச் செல்லும். விடுமுறை நாள்களில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கு அவனுடைய தாயாரை ஏற்றிச் செல்லும். ஆண்டில் ஏழெட்டு நாள்கள் வடவளையத்திற் சுற்றும். இம்மூன்று பணிகளுக்கும் பொருந்தும் ஆசனத்தைத் தெரிவதே அவன் முன்னிருந்த பிரச்சினை.

தொழிற்சாலையிலிருந்து வந்த ஆசனத்தில் அவன் கண்ட குறை கற்பனையன்று. நல்ல ரயர் பூண்ட சாதாரணக் காரும் வளைவுகளிற் புவியீர்ப்பு ஆர்முடுகலை அண்மிய பக்க ஆர்முடுகலைத் தாங்கவல்லது. 70 கிலோகிராம் திணிவுடைய ஒருவனை வளைவோடு கொண்டுசெல்ல ஏறத்தாழ 700 நியூற்றன் விசை பக்கவாட்டில் வேண்டும். ஆசனம் அதனை வழங்காவிடின் அவன் உடலே வழங்கவேண்டியதாகின்றது. முழங்காலைக் கதவில் ஊன்றுகிறான். சுக்கானை இறுகப் பற்றுகிறான். சுக்கானைத் திருப்பவேண்டிய கைகள் உடலைத் தாங்கும் கைகளாகிவிடும்போது கை நுண்ணுணர்வை இழக்கின்றது. பந்தய ஆசனத்தின் முதற்பயன் இதனை நீக்குவதே. வேகத்தைக் கூட்டுவதன்று அதன் தொழில். கைகளுக்கு விடுதலை அளிப்பதே அதன் தொழில்.

இத்தகைய ஆசனங்களைத் தனியே வாங்கிப் பொருத்தும் வழக்கம் புதியதன்று. ஸ்ருட்கார்ட் நகரில் போர்ஷே கார்களுக்கு உடற்கூடு செய்துவந்த ரொய்ட்டர் நிறுவனம் 1963இல் அத்தொழிலைப் போர்ஷேயிடம் ஒப்படைத்துவிட்டு, ரெக்காரோ என்னும் பெயரில் ஆசனத் தொழிலைத் தொடர்ந்தது. 1965இல் பிராங்போட் மோட்டார் கண்காட்சியில் தன் விளையாட்டாசனத்தை அது காட்சிக்கு வைத்தது. அன்று தொட்டு விருத்தியடைந்த ஆசனங்களை இருவகையாகப் பகுக்கலாம். ஒன்று, முதுகும் இருப்பும் ஒரே வார்ப்பாகக் கண்ணாடி நாராலோ காபன் நாராலோ ஆகிய ஓட்டாசனம். மற்றையது, பக்கங்கள் உயர்ந்து, முதுகு மட்டும் முன்னும் பின்னும் சாயவல்ல சாய்வாசனம். முன்னது 10 கிலோகிராமிற்கும் குறைவாக இருத்தல் கூடும். தொழிற்சாலை ஆசனமோ பெரும்பாலும் அதன் இருமடங்கு. இந்நிறை வேறுபாடே இளைஞரை முதலிற் கவர்வது.

இவ்விளைஞனின் நண்பர்கள் கூறியதும் ஓட்டாசனத்தையே. அதனோடு நான்கு முனைப் பட்டியும் பூட்டினாற் போதும் என்றனர். சிறந்த ஆலோசனை போலத் தோன்றும் இதிலேயே பெரிய ஆபத்து மறைந்திருக்கின்றது.

பந்தயக் காரில் ஆசனம் தனிப்பொருளன்று. அது ஒரு சங்கிலியின் கண்ணி. உருக்குக் குழாய்க் கூண்டு, ஆசனம், ஆறு முனைப் பட்டி, தலைக்கவசம், கழுத்தைக் காக்கும் கருவி ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று நம்பியே இயங்குகின்றன. தெருக் காரிலும் ஒரு சங்கிலி உண்டு. மூன்று முனைப் பட்டி, மோதலின்போது அதனை இழுத்திறுக்கும் பொறி, காற்றுப்பை, உடலோடு சேர்ந்து சிறிது வளைந்து கொடுக்கும் ஆசனம் என்பன அதன் கண்ணிகள். இவ்விரு சங்கிலிகளும் தம்மளவில் நிறைவானவை. ஒன்றிலிருந்து ஒரு கண்ணியைக் கழற்றி மற்றையதிற் பூட்டுவோன் இரண்டையும் முறித்தவனாகிறான்.

கார் குடைசாய்ந்து கூரை நசுங்கும்போது மூன்று முனைப் பட்டி அணிந்தவனின் மேலுடல் ஒருபுறம் சாய இடமுண்டு. இரு தோள்களையும் இறுகக் கட்டும் பந்தயப் பட்டி அவனை நிமிர்த்தியே வைத்திருக்கும். மேலே கூண்டு உண்டாயின் அது காப்பு. இல்லையாயின் கூரையின் சுமை அவன் தலைமீதும் கழுத்தின்மீதும் இறங்கும். கீழ்ப்பட்டி இல்லாத நான்கு முனைப் பட்டியிலோ, முன்மோதலின்போது தோட்பட்டிகள் இடுப்புப் பட்டியை மேலிழுக்க, அது இடுப்பெலும்பை விட்டு மென்மையான வயிற்றில் ஏறிவிடுதல் கூடும். ஆறு முனைப் பட்டியின் கீழ்ப்பட்டிகள் இதனைத் தடுக்கவே ஏற்பட்டவை; அவை புகுவதற்கான துளை ஆசனத்தின் அடியில் இருத்தல் வேண்டும்.

கழுத்தின் கதை இன்னும் துயரமானது. உடலைப் பட்டி முற்றாகப் பிடித்துவிட்டால், மோதலில் முன்னோக்கி வீசப்படுவது தலை மாத்திரமே. தலைக்கவசத்தின் திணிவும் அதனோடு சேர்கின்றது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலே உயிர்ப்பொறிமுறைப் பேராசிரியர் றொபேட் ஹபாட்டும் அவருடைய மைத்துனரான பந்தயச் சாரதி ஜிம் டௌனிங்கும் தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் என்னும் கருவியை உருவாக்கினர். நெடுங்காலம் சாரதிகள் பலர் அதனை விரும்பி அணிந்தாரல்லர். 2001 பெப்ரவரி 18இல் டேற்றோனாப் பந்தயத்தின் கடைசிச் சுற்றிலே டேல் ஏர்ன்ஹாட் மண்டையோட்டு அடியெலும்பு முறிவினால் மாண்டார். அவ்வாண்டிலேயே அவர் ஓடிய நாஸ்கார் பந்தயத்தில் தலையைப் பிணைக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. முதலாம் தரச் சூத்திரப் பந்தயத்தில் 2003 முதல் ஹான்ஸ் கட்டாயமாயிற்று. ஒரு கண்ணியை மட்டும் வலுப்படுத்தினால் அடுத்த கண்ணி முறியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தெருச் சங்கிலியின் நிலையும் நோக்கத்தக்கது. அண்மைக்காலக் கார்களில் ஆசனம் வெறும் பஞ்சணையன்று. பக்கக் காற்றுப்பை பல கார்களில் அதனுள்ளேயே பொதியப்பட்டுள்ளது. பட்டிப் பூட்டும், ஆள் அமர்ந்திருப்பதை அறியும் உணரியும் பெரும்பாலும் அதனோடு இணைந்தவை. பழைய ஆசனத்தைக் கழற்றியதும் எச்சரிக்கை விளக்கு எரியும். காற்றுப்பைக்குப் பதிலாகச் சிறிய மின்தடையொன்றை இணைத்து அவ்விளக்கை அணைத்துவிடுவோர் உளர். விளக்கு அணைந்துவிடும், காற்றுப்பை இருக்கவேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கும்.

சட்டமும் இவ்விடத்திற் குறுக்கிடுகின்றது. ஜேர்மனியில் ஆசனத்தை மாற்றுபவன் அதற்குரிய அனுமதிப் பத்திரம் உடைய ஆசனத்தையும், அந்தக் காருக்கென அனுமதிக்கப்பட்ட தாங்கியையும் பயன்படுத்தவேண்டும். அன்றேல் பரிசோதகரிடம் காட்டிப் பதிவு பெறவேண்டும். தவறின் தெருவில் ஓடும் உரிமையையே கார் இழக்க நேரும். பந்தயச் சான்று வேறு. தெரு அனுமதி வேறு. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் 8855-1999 என்னும் தரச்சான்று பெற்ற ஆசனத்துக்குப் போட்டியில் ஆயுள் 5 ஆண்டுகள். பக்க மோதலை மேலும் வலுவாகத் தாங்கும் 8862-2009 தரத்துக்கு 10 ஆண்டுகள். மலிவாகக் கிடைக்கின்றதென்று பழைய பந்தய ஆசனத்தை வாங்குவோர் அதன் பின்புறத்தில் ஒட்டிய திகதியை முதலிற் பார்த்தல் நலம்.

இவற்றையெல்லாம் கற்றபின்னரே அவன் கடைக்குச் சென்றான். அங்கே அமர்ந்து பார்த்தபோது இன்னோர் உண்மை விளங்கிற்று. ஆசனம் சட்டையைப் போன்றது; ஒருவனுக்கு அமைந்தது மற்றவனுக்கு அமையாது. இடுப்பெலும்பைப் பக்கச்சுவர் இறுகத் தொடவேண்டும், ஆனால் அழுத்தக்கூடாது. தோளுக்கு இடம் வேண்டும். தொடையின் கீழுள்ள மேடு உயர்ந்துவிட்டால் கிளச்சை மிதிக்கும் கால் சோரும். அவன் தலைக்கவசத்தையும் கொண்டு சென்றிருந்தான். அதனை அணிந்தபடி அரைமணி நேரம் ஓட்டாசனத்தில் அமர்ந்திருந்தான். உடல் மகிழ்ந்தது. ஆயினும் தலையின் இருபுறமும் சிறகு போல் நீண்ட அதன் காப்புகள் பக்கப் பார்வையை மறைத்தன. பந்தயப் பாதையில் எதிரே வருவோர் இல்லை. நகரச் சந்தியிலோ சைக்கிளில் வரும் பிள்ளையைக் காணத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

தாயாரும் உடன் வந்திருந்தார். முழங்கால் நோவுடைய அவர் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த அதே ஆசனத்தில் ஒருமுறை அமர்ந்தார். உயர்ந்த பக்கச்சுவரைத் தாண்டி உள்ளே விழுவது எளிதாயிற்று, எழுவது எளிதாகவில்லை.

“தம்பி, இதுக்குள்ளை இருந்து என்னைத் தூக்கி எடுக்க இன்னொரு ஆள் வேணும். நீ உன்ரை பக்கத்துக்கு விருப்பமானதைப் போடு. என்ரை பக்கத்தை விட்டுவிடு,” என்றார்.

அவர் கேட்டது வசதியை மாத்திரமே. ஆனால் அவர் கேட்டதில் விடையின் பாதி அடங்கியிருந்தது. பக்கத்து ஆசனமும் அதனுள்ளிருந்த காற்றுப்பையும் பட்டியும் தொழிற்சாலை அமைத்தபடியே விடப்பட்டன. தன் பக்கத்துக்கு அவன் தெரிந்தது, அந்தக் காருக்கு அனுமதி பெற்ற, பக்கக் காற்றுப்பையைத் தன்னுள்ளே கொண்ட சாய்வாசனம். விலை அதிகம், நிறைக் குறைவும் மிகச் சிறிது. நான்கு முனைப் பட்டியை அவன் வாங்கவில்லை. மூன்று முனைப் பட்டியே நிலைத்தது. அதற்காக அவன் ஐந்து மாதம் மேலதிக வேலை செய்தான்.

இத்தெரிவில் இழப்பில்லை என்று கூறவியலாது. வடவளையத்தின் நீண்ட வளைவுகளிலே தோள் இன்னமும் சிறிது நழுவுகின்றது. ஓட்டாசனத்தில் இறுகப் பிணைந்த நண்பர்கள் அவனை முந்திச் செல்கின்றனர். அதனை அவன் அறிவான்; அதற்கேற்ப வளைவினுள் நுழையும் வேகத்தையும் குறைத்துக்கொண்டான். உண்மையான போட்டியில் இறங்கும் நாள் வருமாயின் கூண்டு தொடங்கிக் கழுத்துக் கருவி ஈறாக ஐந்து கண்ணிகளும் பூண்ட வேறொரு கார் வேண்டுமென்பதும், அது தாயாரை ஏற்றிக்கொண்டு ஆலயத்துக்குச் செல்லாதென்பதும் அவன் வரையறுத்த கட்டளைகள்.

இளமை வேகத்தை விரும்புவது இயல்பு. அதனைக் குறை கூறுவதாற் பயனில்லை. எந்த வேகத்துக்கு எந்தக் காப்பு என்று ஆராயாது, பார்வைக்கு அழகான பாதியை மட்டும் வாங்குவதே குறை. இவ்விளைஞனின் கார் ஆண்டின் 365 நாள்களில் ஏழெட்டு நாள்களே பந்தயப் பாதையில் ஓடுவது. எஞ்சிய நாள்களில் அது மழையில் நனைந்த நெடுஞ்சாலையிலும், பாடசாலை விடும் நேரத் தெருவிலும், தேர்த் திருவிழாவுக்குச் செல்லும் நெரிசலிலும் ஓடுகின்றது. அந்நாள்களையும் எண்ணிய பின்னரே அவன் ஆசனத்துக்குப் பணம் கொடுத்தான்.