தம்பிக்கு ஒரு மாத்திரைக் கடிதம்

செம்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இட்லி வேலை முடிந்து மத்தியானம் காலை நீட்டும்போது வாசி.

முந்தாநாள் தாராவிக்கு வந்தேனே, அலமாரியில் டாக்டர் எழுதித் தந்த மெட்ஃபார்மின் அட்டை பிரிக்காமல் கிடந்தது. பக்கத்தில் ஜிங்க் மாத்திரை டப்பா பாதி காலி. 50 மில்லிகிராம், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சீனி வியாதிக்கு ஜிங்க் போதும் என்று யாரோ சொன்னாராம். உன் வீட்டுக்காரி கண்ணைக் காட்டினாள். எதிரில் சொன்னால் முறுக்கிக்கொள்வாய் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

சொன்ன ஆள் முழுப் பொய் சொல்லவில்லை. அதுதான் தொல்லை.

முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவள், கொஞ்சம் பொறுத்துக்கொள். ஜிங்க் என்றால் துத்தநாகம். கிராஸ் ரோட்டு வீட்டில் நம் கூரைத் தகரம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்ததே, அதே உலோகம். கணையம் இன்சுலினை உண்டாக்கியதும் அவ்வளவையும் வெளியே விட்டுவிடாது. ஆறாறாகச் சேர்த்து, நடுவில் இரண்டு துத்தநாக அணுக்களை வைத்து முடிந்து, சின்னச் சின்னப் பைகளில் சேமிக்கும். நீ சாப்பிட்டதும் பை திறக்கும், முடிச்சு அவிழும், இன்சுலின் ரத்தத்தில் கலக்கும். இன்சுலினின் இந்த அமைப்பை 1969இல் கண்டு காட்டியவர் டோரதி ஹாட்ஜ்கின்; முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பாடு. அவர் குழுவில் கேரளத்து எம். விஜயனும் இருந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை. அதற்கு முன்பே, 1938இல், டொராண்டோவில் ஸ்காட்டும் ஃபிஷரும் சர்க்கரை நோயாளிகளின் கணையத்தில் துத்தநாகம் குறைந்திருப்பதை அளந்து எழுதிவிட்டார்கள். சர்க்கரை ஏற ஏறச் சிறுநீரிலும் துத்தநாகம் கூடுதலாக வெளியேறும்.

"அப்போ நான் போடுவது சரிதானே" என்பாய். கொழும்பில் 200 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2018இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஒரு வருஷத்தில் வெறும் மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 25 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, மற்றவர்களில் 11 பேருக்கு. நல்ல சேதிதான். ஆனால் அவர்களெல்லாம் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். நீ வாசல் தாண்டி மூன்று வருஷம் ஆச்சு. அவர்கள் எடுத்தது 20, நீ விழுங்குவது 100. நாளுக்கு 40க்கு மேல் நெடுநாள் போனால் உடம்பில் செம்புச் சத்து குறையும். ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும். நாளைக்கு உன் கால் மரத்தால் சீனியாலா மாத்திரையாலா என்று யார் பிரித்துச் சொல்வது?

இன்னொன்று கேள். துத்தநாகத்தை அந்த இன்சுலின் பைக்குள் ஏற்றிவிட ஒரு புரதம் இருக்கிறது. அதன் மரபணுவில் ஒரு பிரதி பழுதானவர்களுக்குச் சர்க்கரை நோய் கூடுதலாக வரும் என்றுதானே நினைப்போம்? குறைவாக வருகிறது என்று 2014இல் சுமார் ஒன்றரை லட்சம் பேரைப் பார்த்துச் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு நான் ரெண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். கூடக் கூட நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது, அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

ஆண்களுக்கு நாளுக்கு 17 மில்லிகிராம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். நம் தானியத்திலும் பருப்பிலும் துத்தநாகம் உண்டு, ஆனால் அதிலேயே இருக்கும் ஃபைட்டேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவு புளித்தால் பிடி தளரும். மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் இட்லி மாவை வைத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்தால் இன்னும் நல்லதாம். விடியக்காலை நீ அவித்துக் கொடுக்கிறாய், பையன்கள் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு பம்பாய் முழுக்க விற்கிறார்கள். நீயோ டப்பாவைத் தேடிப் போகிறாய்! அதற்காக எட்டு இட்லி தின்னாதே, அதுவும் மாவுச்சத்துதான். மூன்றோடு நிறுத்து. கூட ஒரு முட்டை, சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல். மாட்டுங்கா மார்க்கெட்டில் எள் வாங்கிப் பொடி இடித்து வைத்திருக்கிறேன், தருகிறேன்.

இன்று ராத்திரியே மெட்ஃபார்மினை டாக்டர் எழுதியபடி ஆரம்பி. அந்த ஜிங்க் டப்பாவை நிறுத்திவை, அவரிடம் காட்டுவோம்.

உன் பெரியவனுக்குப் போன மாதம் ஆபீஸ் செக்கப்பில் வெறும் வயிற்றில் சர்க்கரை 114 வந்ததாம். உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னான். திட்டாதே. டப்பாவையும் அவனிடம் நீட்டிவிடாதே. வருகிற ஞாயிறு ரெண்டு பேரும் டீகூடக் குடிக்காமல் இங்கே வாருங்கள். சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் இட்லி தயாராக இருக்கும். உன் இட்லி மாதிரி வராது, வாயை மூடிக்கொண்டு சாப்பிடு.

அன்புடன்,
அக்கா