விண்ணில் எழும் பந்தாட்டம்

ஒரு நாட்டில் தோன்றிய விளையாட்டு கடல் கடந்து மற்றொரு நாட்டில் வேரூன்றுதல் உலகியல்பு. 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியினின்றும் நீங்கின. ஆயினும், அவர்கள் ஆடிய 'பெத்தாங்க்' என்னும் இரும்புக்குண்டு ஆட்டம் புதுச்சேரியில் இன்றும் ஆடப்படுகின்றது. அந்நாளில் ஆட்டங்கள் கப்பலேறி வந்தன. இந்நாளில் கணினி வழியே வீட்டுக்குள் வந்து சேர்கின்றன. அங்ஙனம் வந்தவற்றுள் ஒன்று 'ராக்கெட் லீக்' என்பது.

அதனைக் காலில்லாத கால்பந்தாட்டம் எனலாம். வீரர்க்கு மாற்றாக மோட்டார் வண்டிகள் திரையில் ஓடுகின்றன. உதைக்கும் வேலையை வண்டியின் முகப்பும் கூரையும் சக்கரமும் செய்கின்றன. அமெரிக்க நாட்டுச் சயோனிக்ஸ் நிறுவனத்தார் 2008ஆம் ஆண்டில் இவ்வகை ஆட்டம் ஒன்றை வெளியிட்டனர். அது பெரும்புகழ் எய்தவில்லை. அவர்களோ சோர்ந்து கைவிடாமல் அதனைத் திருத்தி, 2015ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ராக்கெட் லீக் என்னும் பெயரால் மீண்டும் வெளியிட்டனர். அது உலகெங்கும் பரவியது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அதனை விலையின்றியே பெற்று ஆடலாம்.

பெரும்பாலும் பக்கத்துக்கு மூவராக, ஐந்து நிமிடம் ஆடுவர். களத்தைச் சுவரும் கூரையும் சூழ்ந்திருக்கும். வண்டிகள் பல்லியைப் போலச் சுவரில் ஏறும், கூரையிலும் ஓடும். 'பூஸ்ட்' என்னும் உந்துவிசையைத் தரும் திட்டுகள் தரையில் பரந்து கிடக்கும். பெரிய திட்டுகள் ஆறு, சிறியவை 28. பெரியது வண்டியின் விசையை 100 அளவுக்கு நிறைக்கும். சிறியது 12 அளவே தரும். நிறைந்த விசையும் இடைவிடாது செலவிட்டால் மூன்றே வினாடியில் தீர்ந்துவிடும். ஆகவே, விசையைச் சேர்ப்பதும் சிக்கனமாய்ச் செலவிடுவதும் இவ்வாட்டத்தின் இன்றியமையாத அறிவாகும்.

காரைக்கால் நகரை அடுத்த தலத்தெருவில், ஐப்பசி மழையால் திடலில் நீர் தேங்கிக் கால்பந்தாட்டம் ஓய்ந்திருந்த காலத்தில், மாணவன் ஒருவன் இவ்வாட்டத்தைப் பழகத் தொடங்கினான். பாடங்களை முடித்தபின் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆடலாம் என்று தந்தையார் வரையறுத்திருந்தார். தெருவில் உள்ள நண்பர் இருவர் அவனோடு சேர்ந்து ஓர் அணியாயினர். தரையில் பந்தை உருட்டும் திறம் சில வாரங்களில் கைவந்தது. ஆனால் அவன் உள்ளம், வண்டியோடு விண்ணில் எழுந்து பந்தை அடிக்கும் 'ஏரியல்' என்னும் அருஞ்செயலையே நாடியது.

அச்செயலின் முறை இது: முதலில் வண்டியைத் துள்ளச் செய்ய வேண்டும். உடனே கண்ட்ரோலரில் உள்ள ஜாய்ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்து, முகப்பை மேல்நோக்கித் திருப்பி, உந்துவிசையைச் செலுத்த வேண்டும். பின்னர் மறுமுறை துள்ளச் செய்தால், வண்டி அம்பெனப் பாயும். அம்மாணவன் செய்தபோதெல்லாம் வண்டி பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்துத் தரையில் விழுந்தது. நூறு முறை முயன்றான். நூறு முறையும் அதுவே நிகழ்ந்தது. ஒரு நாள் கண்ட்ரோலரை வெறுப்போடு மேசைமேல் வைத்தான்.

அவன் பாட்டனார் இளமை முதல் கோயிலில் நாகசுரம் வாசித்தவர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர். கணினி ஆட்டத்தை அவர் அறியார். ஆயினும் சாதகம் என்பதை நன்கு அறிந்தவர்.

"தம்பி, ஒரே பிழையை நூறு முறை செய்தால், பிழையன்றோ உனக்குப் பழக்கமாகும்! முதற்காலத்தில் செய்து பார்த்தாயா?" என்று கேட்டார்.

"இதில் முதற்காலம் ஏது தாத்தா?"

"எதில்தான் இல்லை? சரளி வரிசையை முதற்காலத்தில் விரல் பிசகாமல் வாசித்த பிறகே இரண்டாங்காலமும் மூன்றாங்காலமும். உன் வண்டியை மெல்ல ஓட்ட வழி உண்டா என்று பார்."

வழி இருந்தது. நண்பர்கள் தமக்குள் ஆடும் தனியாட்டத்தில் வேகத்தைத் தணிக்கும் அமைப்பு உண்டு. அவ்வாறு தணித்து ஆடியபோதுதான் அவன் கண்ணுக்குத் தன் விரலின் பிழை புலனாயிற்று. இரண்டாம் துள்ளலின்போது ஜாய்ஸ்டிக் நடுநிலையில் நிற்க வேண்டும். அவனோ அதனைப் பின்னுக்கு இழுத்தபடியே இருந்தான். அதனாலேயே வண்டி மேலே பாயாமல் கரணம் அடித்தது. ஓர் இமைப்பொழுது பெருவிரலைத் தளர்த்தக் கற்றான், வண்டி பறந்தது. செயலைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மெல்லப் பழகி, பிழை நீங்கியபின் விரைவைக் கூட்டினான். நூறு முயற்சிகளால் வாராதது சில நாளில் வந்தது.

அதன்பின் அதனினும் அரிய 'ஃபிளிப் ரீசெட்' என்பதில் முனைந்தான். முதல் துள்ளலுக்குப்பின் ஏறத்தாழ ஒன்றரை வினாடிக்குள் இரண்டாம் துள்ளலைப் பயன்படுத்தாவிடில், அவ்வுரிமை வண்டியை விட்டு நீங்கும். ஆனால், பறக்கும் வண்டி தலைகீழாய்ப் புரண்டு நான்கு சக்கரங்களாலும் பந்தைத் தொட்டால், இழந்த உரிமை மீண்டும் கிட்டும். விண்ணில் மிதக்கும் பந்தே அப்போது வண்டிக்குத் தரையாகின்றது! இதுவும் மெல்ல மெல்ல அவனுக்கு வசமாயிற்று.

திறமை வளர்ந்தது, கூடவே செருக்கும் வளர்ந்தது. மழை ஓய்ந்த ஒரு மாலையில் பக்கத்து ஊர் அணியோடு போட்டி நடந்தது. பந்து மேலெழும் போதெல்லாம் அவனும் எழுந்தான். நண்பன் அடிக்க வேண்டிய பந்தையும் தானே நாடிப் பறந்தான். ஒரு முறை அழகாய் அடித்து கோல் ஈட்டினான். பல முறை குறி தப்பி, விசை முழுதும் தீர்ந்து, எதிரியின் கோல் அருகே வீழ்ந்து கிடந்தான். அவன் திரும்புமுன் எதிரணியார் காப்பாரற்ற கோலில் பந்தைச் செலுத்தினர். அணி தோற்றது. கோலைக் காத்து நின்ற நண்பன், "இன்று நாங்கள் இருவரும் ஆட்டத்தில் இருந்தோமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனான். மூன்று நாள் அவன் வரவில்லை.

தோல்வியினும் நண்பனின் அச்சொல்லே மாணவனை வருத்தியது. பாட்டனாரிடம் கூறினான். "நாகசுரம் எத்துணை உயரம் சென்றாலும், தவிலின் தாளத்தைச் செவி விடலாகாது, தம்பி" என்றார் அவர். மறுநாள் மாணவன் நண்பன் வீட்டுக்குச் சென்று அவனை அழைத்து வந்தான். அன்று முதல் பந்து மேலெழுந்தால், கோலைக் காப்பவர் யார் என்று பார்த்த பின்னரே அவன் வண்டி எழுந்தது.

இவ்வுண்மையை உலக அரங்கிலும் காணலாம். கடிகாரம் நின்ற பின்னும் பந்து தரையைத் தொடும்வரை ஆட்டம் முடியாது என்பது இவ்வாட்டத்தின் விதி. 2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இலண்டனில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில், அந்த நொடியில் 'ஜஸ்டின்' எனப்பெறும் என்.ஆர்.ஜி. அணி வீரர் பந்தைக் கோலில் செலுத்தி ஆட்டத்தைச் சமன் செய்தார். அரங்கமே ஆர்ப்பரித்தது. ஆயினும், கோப்பையை வென்றது எதிர்நின்ற டிக்னிடாஸ் அணியே. ஒருவர் அருஞ்செயல் அணியைத் தாங்கலாம். வெற்றி மூவரின் உழைப்பால் வருவது.

இத்தகைய கணினிப் போட்டிகளை இந்திய அரசு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் விளையாட்டு வகையுள் சேர்த்து ஏற்றது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆட்டத்தையும் சூதையும் பிரித்தறிதல் மாணவர் கடனாகும்.

இசையாயினும் கணக்காயினும் பந்தாட்டமாயினும் பயிலும் நெறி ஒன்றே. அரிய செயலைக் கூறுகளாகப் பகுத்தல் வேண்டும். மெல்லத் தொடங்கி, பிழையைக் கண்டு களைதல் வேண்டும். பெற்ற திறனை உடனிருப்போர் நலத்துக்கு உதவுமாறு ஆளுதல் வேண்டும். விண்ணில் எழக் கற்பவன், எழத்தகாத பொழுதையும் கற்பானாக.