உப்புத் தண்ணியில் கொசு வருமா? மரக்காணம் உப்பள வரப்பில் ஒரு நடை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்கு, புதுச்சேரிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்னால் திடீரென்று ஊரே வெளுத்துவிடும். கண்ணுக்கு எட்டும் தூரம் வரை பாத்திகள், நடுநடுவே உப்புக் குவியல்கள். மரக்காணம் வந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலானவர்கள் வண்டியை ஓரம் கட்டி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வரப்பில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால், இங்கே உப்பைத் தவிர வேறொன்றும் விளைவது தெரியும்.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், "இந்தத் தண்ணியில பூச்சி, புழு ஏதாவது இருக்குமா அக்கா?" என்று கேட்டேன். "இந்தப் பாத்தியில ஒண்ணும் உசுரோட இருக்காது தம்பி. அந்தாண்ட ஓடையாண்ட போய்ப் பாரு. அங்கதான் நெளியும்" என்றார்.

ஒரே வரியில் பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டார். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அது ஒவ்வொரு பாத்தியாகக் காய்ந்து, கடைசிப் பாத்திக்கு வரும்போது ஏழெட்டு மடங்கு அடர்த்தியாகிவிடும். அப்போதுதான் உப்பு படியும். அங்கே புழுவுக்கு வேலையில்லை. ஆனால், ஓடையிலும் முதல் பாத்திகளிலும், மழைக்காலத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பாத்திகளிலும் உப்பு குறைவு. அந்தச் சேறு பூச்சிகளின் தொட்டில்.

ஈ, கொசு, வண்டு எல்லாமே வாழ்வின் ஒரு பகுதியைப் புழுவாகத்தான் கழிக்கின்றன. விஞ்ஞானிகள் இதை 'லார்வா' பருவம் என்கிறார்கள். பறக்கும் பூச்சி எங்கு வேண்டுமானாலும் போகும். ஆனால் தண்ணீரில் பிறந்த புழு தன் குட்டையை விட்டு நகராது. அதைத் தேடிப் பிடிக்கலாம், எண்ணலாம், என்ன தின்கிறது என்று பார்க்கலாம். புழுவை ஆராய்வதற்கு முதல் காரணமே இதுதான்.

இரண்டாவது காரணம், பக்கத்திலேயே இருக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி, மரக்காணத்தை ஒட்டித்தான் விரிந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் வரும் உள்ளான்கள் சேற்றில் அலகை விட்டுத் துழாவுவது சும்மா இல்லை. கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத கைரோனமிட் பூச்சியின் புழுக்கள் அவற்றுக்கு நல்ல தீனி. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் 'பிளட் வார்ம்' என்று வாங்குகிறார்களே, அதே வகைதான். சேற்றில் புழு இல்லையென்றால் பறவைக்கும் இங்கே வேலையில்லை.

மூன்றாவது காரணம் நம் உடம்பைப் பற்றியது. 1897 ஆகஸ்ட் மாதம், செகந்திராபாத்தில் மலேரியா எப்படிப் பரவுகிறது என்று தேடிக்கொண்டிருந்த ரொனால்ட் ராஸ், புழுவிலிருந்து தானே வளர்த்தெடுத்த கொசுக்களை நோயாளியைக் கடிக்கவிட்டார். வெளியில் பிடித்த கொசு என்றால், அது முன்பு யாரைக் கடித்ததோ தெரியாது. புழுவிலிருந்து வளர்ந்தது என்றால் சந்தேகமே இல்லை. அப்படி வளர்ந்த ஒரு கொசுவின் வயிற்றில்தான் மலேரியா கிருமியைக் கண்டார்.

நம் கடற்கரைக்கும் இதில் ஒரு கதை உண்டு. புதுச்சேரியில் 1975-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தொடங்கிய வி.சி.ஆர்.சி., நோய் பரப்பும் பூச்சிகளுக்காகவே இயங்கும் ஆராய்ச்சி மையம். புதுச்சேரியின் கடலோரக் கிராமங்களில் மலேரியா பரவியபோது, உவர்நீர்த் தேக்கங்களில் பச்சைப் பச்சையாகப் படர்ந்த ஒரு கடற்பாசிக்குள்தான் 'அனோபிலிஸ் சப்பிக்டஸ்' கொசுவின் புழுக்கள் பத்திரமாக வளர்வதைக் கண்டுபிடித்தார்கள். மருந்தடித்துக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, 1980-களில் கிராமத்து மக்களே பாசியை வாரி அள்ளும்படி செய்தார்கள். அள்ளிய பாசியைக் காகிதம் செய்யவும் பயன்படுத்தினார்கள். புழுவின் வீடு எது என்று தெரிந்ததால் கிடைத்த வழி அது.

"கரிக்கிற தண்ணியில கொசு வராது" என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அதுவும் டெங்கு கொசு நல்ல தண்ணீரில் மட்டும்தான் வரும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் அவர்களது குழுவினரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதை அசைத்துவிட்டது. இலங்கைக் கடலோரத்தின் உவர்நீர்க் கிணறுகளிலும், கடற்கரையில் தூக்கியெறிந்த பாத்திரங்களில் தேங்கிய நீரிலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் இருந்தன. லிட்டருக்கு 15 கிராம் வரை உப்பிருந்த நீரிலும் அவை வளர்ந்தன. உவர்நீருக்குப் பழகிய புழுக்களின் மேல்தோல் தடித்திருப்பதும் பிறகு தெரியவந்தது. கடல் உள்ளே ஏறி, கிணறுகள் உவர்ப்பாகி வரும் எந்தக் கடலோர ஊருக்கும் இது எச்சரிக்கைதான்.

அப்படியானால் உப்பளம் முழுக்க மருந்தைக் கொட்டிவிடலாமா? கூடாது. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனக் குட்டையொன்றில் கண்டெடுத்த பி.டி.ஐ. பாக்டீரியா, கொசுப்புழுவின் குடலை மட்டும் குறிவைத்து அழிக்கும். மனிதர்களையும் மீன்களையும் தொடாது. வி.சி.ஆர்.சி.யும் இதில் தனக்கென ஒரு ரகத்தை உருவாக்கியிருக்கிறது. ஆனால் அளவு மீறினால், கழுவெளிப் பறவைகளின் தீனியான கைரோனமிட் புழுவையும் அது விட்டுவைக்காது. எந்தக் குட்டையில் எந்தப் புழு என்று பார்த்துத்தான் கைவைக்க வேண்டும். அதற்கும் புழு தெரிந்த ஆள் வேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் குடத்திலும் டிரம்மிலும்தான் இருக்கிறது. முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, மூடி வைத்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. ஏடிஸ் முட்டைகள் ஈரம் காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

அக்டோபரில் மழை இறங்கியதும் உப்பு வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைநீர் கலந்து உவர்ப்பு குறையும். உப்பு விளையாத அந்த மாதங்களில்தான் புழுக்களுக்கு நல்ல காலம். பறவைகள் வருவதும் அப்போதுதான், காய்ச்சல் வருவதும் அப்போதுதான். அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்துங்கள். செல்ஃபி எடுத்த பிறகு, ஓடையோரம் குனிந்து ஒரு நிமிடம் தண்ணீரையும் பாருங்கள்.